காதுக்குள் போன தண்ணீர்

பிப்ரவரி 4

என் சிட்டுக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோமா என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் உன் நலத்தை நீயே உன் கையால் எழுது.

உன் அம்மா வாரா வாரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டுகிறாள். வைத்த பிறகு, "என்னடி சொன்னா?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்காளாம்மா" என்கிறாள். அவ்வளவு நேரம் பேசியதில் ஒரே ஒரு பேச்சுதான் எனக்கு மிச்சமா? மீதியை யார் தின்றது? போனை என்னிடம் கொடுத்தாலும் பயனில்லை. தையல் கம்பெனி மெஷின் தின்றது போக மிச்சமிருந்த காதை வயசு தின்றுவிட்டது. கிட்டே நின்று உதட்டை அசைத்தால் பாதி புரிகிறது. போனுக்கு உதடு ஏது? அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருக்கும், சொல்வது நேராக இருக்கும்.

போன முறை நீ வந்தபோது பார்த்தேன். சாப்பிடும்போதுகூட உன் தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்றன. அடுக்களையில் அண்டா விழுந்தது. எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நீ மட்டும் தட்டைப் பார்த்தபடியே, "மன்னிக்கணும் சார்" என்றாய். உன் உதட்டைப் படித்தேன். உன் அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவனோ வாங்கிய குளிர்பெட்டி குளிராமல் போனதற்கு, புகார் கேட்கிற போன் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு என் பேத்தி ஏன் நாள் முழுக்கத் திட்டு வாங்க வேண்டும்? செய்தவனைத் திட்டட்டும். விற்றவனைத் திட்டட்டும்.

எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறதாம். டாக்டரம்மா, "கோபப்படாதீங்க பாட்டி" என்றாள். கோபப்பட வைக்கிறவர்களிடம் போய்ச் சொல்லம்மா என்றேன். நலம் அவ்வளவுதான்.

பதில் வரும்வரை தபால்காரனை விரட்டிக்கொண்டிருப்பேன்.

பாட்டி


பிப்ரவரி 19

அன்புள்ள பாட்டிக்கு,

சிட்டு வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் கொதிப்பு இறங்கியதா? மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துத் துப்புகிறீர்களாமே, அம்மா சொன்னாள்.

உங்கள் கடிதத்தை ஆபீசில் எதிர் சீட்டு அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் என் எதிரே உட்கார்ந்து என்னைப் போலவே திட்டு வாங்குகிறவர். எனக்கு அம்மா வயசு. "போனுக்கு உதடு இல்ல, சரி. நம்மளத் திட்டுறதுக்கு மட்டும் வாய் எங்கிருந்துடி வருது?" என்று சிரித்தார்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் கம்பெனியில் யோகா வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். சாப்பாட்டு அறையில் மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரிக்கிறோம். டீச்சர் நல்லவர். முதல் நாளே என் தோளில் கை வைத்து, "இத எப்ப இறக்கி வைக்கப்போறீங்க?" என்று கேட்டார். தோள் ஏறி நிற்பதே எனக்கு அதுவரை தெரியாது. யாராவது கத்தினால் நம் உடம்பு புலியைப் பார்த்ததாகவே நினைத்துக்கொள்கிறதாம். நெஞ்சு அடிக்கும், வயிறு இறுகும், ஓடத் தயாராகும். ஆனால் நாற்காலியில் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறோம், ஓட முடியாது. அந்தப் பயம் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. "மனசுகிட்ட நேரா போய் அடங்குன்னா அடங்காது. மூச்ச மெதுவா விட்டா, புலி போயிடுச்சுன்னு அதுவே புரிஞ்சுக்கும்" என்றார்.

உண்மைதான் பாட்டி. பூனை மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்தி, குழந்தை மாதிரி சுருண்டு படுத்து எழுந்தால், கழுத்தில் இருந்த கல் கரைகிறது. நீங்களும் செய்யுங்கள். ஒரு பக்க மூக்கை மூடி மறு பக்கத்தால் இழுங்கள். பிறகு இதை மூடி அதன் வழியாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும்.

மாத்திரையை விழுங்கவும்.

உங்கள் சிட்டு


பிப்ரவரி 27

சிட்டுக்கு,

பாட்டி. உயிரோடு இருக்கிறேன், உன் புண்ணியத்தில் அல்ல.

மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வெங்காயம் யார் நறுக்குவது? பஞ்சை உருட்டி ஒரு மூக்கில் அடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். வெங்காயம் தும்மலைக் கிளப்பியது. தும்மலுக்கு முன்னால் ஒரு இழுப்பு இழுப்போமே, அதில் பஞ்சு மேலே ஏறிவிட்டது. டாக்டரம்மா இடுக்கியால் எடுத்தாள். "யார் பாட்டி இத சொன்னது?" என்றாள். உன் பெயரைச் சொல்லிவிட்டேன். பிறகு அவளே என் விரலைப் பிடித்துச் சரியாகச் சொல்லிக்கொடுத்தாள். வாரத்தில் சில நாள் சமுதாயக் கூடத்தில் கிழங்கட்டைகளுக்கு வகுப்பு நடக்கிறதாம், போகச் சொல்கிறாள். மூச்சுவிடப் பள்ளிக்கூடம். நல்லவேளை மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன், இல்லையென்றால் இன்னும் என்னென்ன படித்திருப்பேனோ.

ஒன்று கேட்கிறேன். சாப்பாட்டு அறையில் வகுப்பு என்று எழுதியிருக்கிறாய். மேஜையை ஓரம் தள்ளினோம் என்று எழுதியிருக்கிறாய். எந்த நேரத்தில் என்று மட்டும் எழுதவில்லை. நீ எப்போது சாப்பிடுகிறாய்?

ஏன் கேட்கிறேன் என்றால், எனக்கு மறதி கிடையாது. தையல் கம்பெனியில் ஒரு மேஸ்திரி இருந்தான். எப்போதும் கோடு போட்ட சட்டை. ஒரு கோடை காலத்தில் பெரிய காத்தாடி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். நாங்கள் எல்லாம் கைதட்டினோம். மறுநாள் டீ நேரத்தைக் காணோம். "அதான் காத்து வருதே, அப்புறம் என்ன களைப்பு?" என்றான். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிறவனைக் கண்டால் கொடுத்த கையைப் பார்க்காதே, எடுத்த கையைப் பார்.

நலத்தை மறைக்காமல் எழுது.

பாட்டி


மார்ச் 20

அன்புள்ள பாட்டிக்கு,

வணக்கம். நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

வகுப்பு சாப்பாட்டு நேரத்தில்தான். ஆனால் வேகமாகச் சாப்பிட்டால் இரண்டையும் முடித்துவிடலாம். சில நாள் வகுப்பு முடிந்து இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வேன். எதிர் சீட்டு அக்காவுக்குச் சர்க்கரை வியாதி, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அதனால் அவர் வகுப்புக்கு வருவதில்லை. சூப்பர்வைசருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

முன்பெல்லாம் ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் தண்ணீர் குடிக்கும் அளவுக்கு இடைவெளி இருக்கும். இப்போது அதை எடுத்துவிட்டார்கள். "உங்களுக்குத்தான் இப்ப ரிலாக்ஸ் பண்ணத் தெரியுமே" என்றார் சூப்பர்வைசர். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

வகுப்பின் கடைசியில் சவாசனம். மல்லாந்து படுத்துக் கை காலைத் தளர்த்திவிட வேண்டும். எனக்கு அதுதான் பிடிக்கும். என்ன, காதுக்குள் தண்ணீர் போய்விடுகிறது. பிறகு குழாயை மாட்டும்போது சொதசொதவென்று இருக்கிறது. கைக்குட்டை எடுத்துப்போகிறேன்.

உங்கள் மூக்கு எப்படி இருக்கிறது?

சிட்டு


மார்ச் 29

சிட்டுக்கு,

பாட்டி எழுதுவது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. படுத்துக்கொண்டு செய்கிற வேலையில் காதுக்குள் தண்ணீர் எப்படிப் போகும்? கூரை ஒழுகுகிறதா? சரியாகக் கேட்டு எழுது.

"வேடிக்கையாகத்தான் சொன்னார்" என்று அவனுக்கு நீ ஏன் வக்கீல் வேலை பார்க்கிறாய்? தண்ணீர் குடிக்கிற நேரத்தைப் பிடுங்கினவன் வேடிக்கை பேசினானாம், இவள் சிரித்தாளாம். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் காற்றை மட்டும் இழுத்து விட்டுக்கொண்டிருக்க நீ என்ன கொல்லன் துருத்தியா?

இருக்கட்டும், என் வயிற்றெரிச்சலைக் கேள். டாக்டரம்மா பேச்சைக் கேட்டு வகுப்புக்குப் போனேன். சொல்லித்தருவது வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நர்சம்மா. உதட்டை நன்றாக அசைத்துப் பேசுகிறாள், பரவாயில்லை. கையைத் தூக்கு என்றாள், தூக்கினேன். கடைசியில் பிணம் மாதிரி படுக்கச் சொன்னாள். எப்படியும் ஒரு நாள் படுக்கத்தானே போகிறேன், அதற்கு ஒத்திகை வேறா என்றேன். படுத்தேன். பக்கத்துப் பாயில் யார் என்று தலையைத் திருப்பினால், அவள்! பக்கத்து மெஷின்காரி!

உனக்கு இந்தக் கதையைச் சொன்னதில்லை. வாயில் எடுத்தாலே கசக்கும். டீ நேரம் போன அந்தக் கோடையில் ஒரு நாள், கண் இருட்டி, ஊசி என் விரலில் இறங்கிவிட்டது. நகத்தில் நுழைந்து மறு பக்கம் வந்தது. கொஞ்சம் முன்னால்தான் மேஸ்திரியிடம், "தலை சுத்துது, ஒரு நிமிஷம் விடுங்க" என்று கேட்டிருந்தேன். அவன் விடவில்லை. விசாரணை என்று கூப்பிட்டார்கள். பக்கத்து மெஷின்காரிக்கு எல்லாம் தெரியும். நான் கெஞ்சியதைக் கேட்டவள். அவள் எழுந்து என்ன சொன்னாள் தெரியுமா? "இவ பேசிக்கிட்டே தச்சா சார், அதான் ஊசி ஏறிடுச்சு." அன்றைக்கு எனக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கி, வாயையே திறக்க முடியாமல் கிடந்தேன். நான் பேசினேனாம்! என்னை வெளியே அனுப்பினார்கள். அவளை நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னல் ஓர மெஷினுக்கு மாற்றினார்கள். அந்த மேஸ்திரியைக்கூட நான் இவ்வளவு நினைப்பதில்லை. அவன் பாம்பு, கொத்தினான். இவள் என்னோடு ஒரே பாத்திரத்தில் கை நனைத்தவள்.

அன்றோடு பேச்சை விட்டேன். கடைத்தெருவில் பார்த்தால் எச்சிலை விழுங்கிக்கொண்டு மறு பக்கம் போய்விடுவேன். இப்போது பார், மறுபடி என் பக்கத்திலேயே வந்து படுத்திருக்கிறாள். நர்சம்மா அவளை இரண்டு தரம் கூப்பிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வயசிலும் திமிர்!

பாயை மாற்றிக்கொள்ள மாட்டேன். நான் ஏன் மாற வேண்டும்?

பாட்டி


மே 16

அன்புள்ள பாட்டிக்கு,

வணக்கம். இங்கே நலம். வேலை அதிகமாகிவிட்டது, அதனால்தான் எழுதவில்லை. அம்மாவிடம் கேட்டிருப்பீர்கள்.

எதிர் சீட்டு அக்கா போன மாதத் தொடக்கத்தில் சீட்டிலேயே மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குப் போய்விட்டார். இன்னும் வேலைக்கு வரவில்லை.

அந்தப் பக்கத்து மெஷின்காரிக்கு அப்போது குழந்தைகள் இருந்தார்களா பாட்டி? சும்மா கேட்கிறேன்.

கூரை ஒழுகவில்லை.

சிட்டு


மே 24

சிட்டுக்கு,

ஏப்ரல் முழுக்க ஒரு வரி இல்லை. தபால்காரன் என்னைக் கண்டால் சைக்கிளைச் சந்துக்குள் விடுகிறான். இப்போது வந்தது ஒரு தாளின் பாதி.

இருந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தான். அதனால் என்ன? எனக்குப் பிள்ளை இல்லையா? உன் அம்மாவை எந்தக் காற்றைக் குடித்து வளர்த்தேன்? காரணம் எல்லோரிடமும் இருக்கும். குருவிக்கும் காரணம் இருக்கும், பூனைக்கும் காரணம் இருக்கும்.

மேலே உள்ளதை நேற்று எழுதி, கோபத்தில் அப்படியே வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். இன்றைக்கு எழுதுவது வேறு.

நேற்று படுத்திருந்தபோது உன் கடிதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். நலம் நலம் என்று எழுதுகிறாளே, இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று. கண்ணை மூடித்தான் இருந்தேன். காது குளிர்ந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

அடிப் பாவி. உட்கார்ந்து அழுதால் கன்னத்தில் வழியும். மல்லாந்து அழுதால்தான் காதுக்குள் போகும். நான் கிழவி, மூன்றாம் வகுப்பு, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டேன். நீயும் ஒழுகவில்லை என்று பதில் போடுகிறாய்.

தினம் தினம் பாயில் படுத்து அழுதிருக்கிறாய். பிறகு அந்த ஈரக் காதிலேயே குழாயை மாட்டிக்கொண்டு ஊரான் திட்டை வாங்கியிருக்கிறாய்.

பக்கத்து மெஷின்காரியைப் பற்றி யாரும் சும்மா கேட்க மாட்டார்கள். உன்னை என்ன சொல்லச் சொல்கிறார்கள்? யாரைப் பற்றி? எழுது. நலமா என்று கேட்கவில்லை, இல்லை என்று தெரியும்.

பாட்டி


ஜூன் 2

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் நின்று படித்தேன். இனி மறைக்கவில்லை.

வகுப்புக்கு வராதவர்களுடைய பெயரைச் சூப்பர்வைசர் குறித்துக்கொள்வார். 'ஒத்துழைக்காதவர்' என்று மேலே போகும். எதிர் சீட்டு அக்கா பலமுறை சொல்லிப் பார்த்தார். "சாப்பிடலன்னா மயக்கம் வரும் சார்" என்றார். "எல்லாருக்கும்தான் பசிக்குது. நீங்க மட்டும் என்ன ஸ்பெஷலா?" என்றார் அவர். அக்கா பயந்துபோய்ச் சில நாள் பட்டினியோடு வந்து பாயில் உட்கார்ந்தார். கடைசி நாள் நடந்தது என் கண் முன்னால். டப்பாவைத் திறந்து ஒரு கை எடுத்தார். சூப்பர்வைசர் வந்து நின்றார். அக்கா டப்பாவை மூடிவிட்டு எழுந்தார். வகுப்பு முடிந்து சீட்டில் உட்கார்ந்து, யாரோ ஒருவருக்கு "மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். அவர் கீழே கிடக்கும்போது அந்தப் பக்கத்து ஆள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தது குழாயில் கேட்டது.

இப்போது விசாரணை. அவர் யோகா வகுப்புக்கு ஒழுங்காக வராததால்தான் உடம்பு கெட்டது, வியாதியைக் கவனிக்காதது அவருடைய தவறு, கம்பெனி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது என்கிறார்கள். அவரை வேலையை விட்டு எடுக்கப் பார்க்கிறார்கள். எதிரே உட்கார்ந்தவள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் சொன்னார்: "நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம்மா. சாப்பிட நேரம் இருந்துச்சு, யாரும் கட்டாயப்படுத்தலன்னு சொன்னா போதும்." சொன்னால் என்னை எழுத்துப் பிரிவுக்கு மாற்றுவார்களாம். அங்கே புகார்களுக்குத் தட்டச்சில் பதில் போட வேண்டும், அவ்வளவுதான். குழாய் கிடையாது. யாரும் கத்த முடியாது பாட்டி. அந்த அறையைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். அவ்வளவு அமைதி. இரவில் படுத்தால்கூட என் காதில் யாரோ கத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த அறை எனக்கு வேண்டும். அதை மறைக்க மாட்டேன். உங்கள் மார்ச் மாதக் கடிதம் வந்தபோது அக்கா விழுந்து சில நாள் ஆகியிருந்தது, சூப்பர்வைசர் ஜாடையாகப் பேச ஆரம்பித்திருந்தார். ஜன்னல் ஓர மெஷின் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பதில் எழுத முடியவில்லை.

இன்னும் இரண்டு வாரத்தில் விசாரணை.

சிட்டு


ஜூன் 8

என் கண்ணு சிட்டுக்கு,

பாட்டி. கொதிப்பு ஏறித்தான் இருக்கிறது. இது ஏற வேண்டிய கொதிப்பு.

சோறு தின்றது குற்றமாம்! கேட்டாயா உலகத்தில்? மூச்சுப் பயிற்சி நல்லதுதான், நானே சொல்கிறேன். செய்கிற நாளில் தூக்கம் வருகிறது, கீழ்வீட்டுக்காரியோடு சண்டை பாதியில் நின்றுவிடுகிறது. அது நல்லதாக இருக்கிறதே என்றுதான் என் கோபம்! நல்ல மருந்தை எடுத்து, அதன் பெயரைச் சொல்லி ஒருத்தியின் சாப்பாட்டைப் பிடுங்கியிருக்கிறார்களே. புண்ணை உண்டாக்குகிறவனே களிம்பு கொடுப்பானாம். ஆறவில்லை என்றால் நீ சரியாகத் தடவவில்லை என்பானாம். உங்களைத் திட்டுவது நிற்க வேண்டும் என்று ஒருத்தனும் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தாங்குவாள், இன்னும் கொஞ்சம் தாங்குவாள் என்று சுமைதாங்கிக் கல்லுக்கு எண்ணெய் தடவுகிறார்கள்.

இப்போது உன் விஷயம். நீ எதற்குப் பயந்து பதில் எழுதவில்லை என்று புரிந்தது. கிழவி நாற்பது வருஷம் ஆறாதவள், என்னையும் அப்படி வைத்துவிடுவாள் என்று பயந்தாய். நன்றாகக் கேள். நான் யார் யாரை மன்னிக்கவில்லை என்பது எனக்கு மனப்பாடம். அதில் உன் பெயர் ஏறாது. நீ என்ன சொன்னாலும் ஏறாது. எனக்குப் பயந்து உண்மையைச் சொல்லாதே, அவனுக்குப் பயந்து பொய்யும் சொல்லாதே. இரண்டு பயத்தையும் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போ.

போவதற்கு முன்னால் சாப்பிடு. தோளை இறக்கு. இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடு. இதை எனக்குச் சொன்னவள் நீதான். பஞ்சு மட்டும் வேண்டாம்.

பாட்டி


ஜூன் 27

அன்புள்ள பாட்டிக்கு,

வணக்கம். நலமா என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மேலாளர், சூப்பர்வைசர், ஓரத்தில் யோகா டீச்சர். எதிர் சீட்டு அக்கா மெலிந்துபோய், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாதே.

"அன்னைக்கு இவங்களுக்குச் சாப்பிட நேரம் இருந்துச்சா?" என்று மேலாளர் கேட்டார்.

என் நெஞ்சு அடித்தது வெளியே கேட்டிருக்கும். தோள் தானாக ஏறியது. புலி வந்துவிட்டது என்று உடம்பு சொன்னது. இந்த முறை நிஜமாகவே புலிதான். தோளை இறக்கினேன். மெதுவாக மூச்சை விட்டேன்.

"டென்ஷன் ஆகாதீங்க. மூச்ச நல்லா இழுத்து விட்டுட்டு அப்புறம் பேசுங்க" என்றார் மேலாளர், தாராளமாக.

"விட்டுட்டுத்தான் சார் பேசப் போறேன்" என்றேன். "நேரம் இல்ல. டப்பாவத் திறந்தாங்க. இவர் வந்து நின்னார். மூடிட்டாங்க. சாப்பிடணும்னா வகுப்ப விடணும், வகுப்புக்கு வரணும்னா சாப்பாட்ட விடணும். வகுப்ப விட்டவங்க பேர இவர் எழுதுவார். இதுக்குப் பேர் கட்டாயம் இல்லன்னா, கட்டாயம்னா என்னன்னு எனக்குத் தெரியல."

"உனக்கு யோகா பிடிக்கும்னு சொன்னியேம்மா!" என்று சூப்பர்வைசர் பாய்ந்தார்.

"இப்பவும் பிடிக்கும் சார். அது இல்லன்னா இத சொல்லும்போது என் குரல் நடுங்கியிருக்கும்."

டீச்சர் எழுந்துவிட்டார். "இவங்க பட்டினியோட வந்தாங்கன்னு யாரும் எங்கிட்ட சொல்லல. சர்க்கரை இருக்கறவங்கள வெறும் வயித்தோட நான் உட்கார வைக்கவே மாட்டேன். எழுதிக் கொடுக்கறேன்" என்றார். அக்கா அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பையைத் திறந்து டப்பாவை எடுத்தார். "சார், பேசி முடிச்சுட்டீங்கன்னா நான் சாப்பிடலாமா? நேரமாகுது" என்றார். அங்கேயே, மேலாளர் முன்னாலேயே சாப்பிட்டார் பாட்டி.

அக்கா அடுத்த வாரம் வேலைக்கு வருகிறார். சாப்பாட்டு நேரம் திரும்பிவிட்டது. எழுத்துப் பிரிவு எனக்கு இல்லை. வேறு யாரோ போய்விட்டார்கள். குழாயோடுதான் இருக்கிறேன், அழைப்புக்கு நடுவில் இடைவெளியும் வரவில்லை. அதற்கு எல்லோரும் சேர்ந்து கேட்கப்போகிறோம். கோபத்தில் யோகா வகுப்பையே நிறுத்திவிட்டார்கள். "அதானே உங்களுக்குப் பிரச்சனை?" என்றார் சூப்பர்வைசர்.

நாங்கள் நிறுத்தவில்லை. வேலைக்கு முன்னால் எங்கள் விடுதி மொட்டைமாடியில் பாய் விரிக்கிறோம். டீச்சரும் வருகிறார். முன்னைவிட அதிகம் பேர் வருகிறார்கள், எல்லோரும் சாப்பாட்டு டப்பாவோடு. நேற்று கடைசியில் மல்லாந்து படுத்தேன். மேலே வானம். எழுந்து வழக்கம்போலக் கைக்குட்டையால் காதைத் துடைத்தேன்.

துடைக்க ஒன்றும் இல்லை.

உங்கள் சிட்டு


ஜூலை 6

என் சிட்டுக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே நான் நலம். இந்த முறை முதலிலேயே எழுதிவிட்டேன் பார். கொதிப்பு இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா தன் மாத்திரையால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நினைக்கட்டும்.

உன் கடிதத்தை உன் அம்மாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். "ஏம்மா எங்கிட்ட இதெல்லாம் சொல்லவே இல்ல?" என்று அழுதாள். "நீ போன்ல கேட்டா அவ நல்லாயிருக்கேன்னுதான் சொல்லுவா. நான் எழுதிக் கேட்டேன்" என்றேன். அந்தச் சூப்பர்வைசரை என் மனப்பாடத்தில் சேர்த்துவிட்டேன். மேலாளரையும். எழுத்துப் பிரிவுக்குப் போனவள் யார் என்று நீ எழுதவில்லை. எழுதாதே. எனக்கு வயசாகிவிட்டது, புதிதாக இன்னொருத்தியைச் சுமக்க முடியாது.

வகுப்பில் ஒன்று நடந்தது. சொல்லிவிட்டு முடிக்கிறேன். நேற்று எல்லோரும் படுத்திருந்தோம். கண்ணைத் திறந்து பக்கத்துப் பாயைப் பார்த்தேன். திட்டலாம் என்றுதான் பார்த்தேன், மனசுக்குள். அவள் கண் மூடியிருந்தாள். ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எதற்கு அழுதாளோ, யாருக்காகவோ, எனக்குத் தெரியாது. நர்சம்மா வகுப்பை முடித்து, "எல்லாரும் மெதுவா எழுந்திரிங்க" என்று உதட்டை அசைத்தாள். எல்லோரும் எழுந்தோம். அவள் எழவில்லை. நர்சம்மா அவள் தலைமாட்டில் நின்று இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாள். நன்றாக, பலமாக. அவள் இமைகூட அசையவில்லை. தோளைத் தொட்ட பிறகுதான் திடுக்கிட்டுக் கண் திறந்தாள்.

திமிர் என்று உனக்கு எழுதியிருந்தேன். திமிர் இல்லை.

என் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் பக்கம் நீட்டினேன். வாங்கினாள். ஒரு காதைத் துடைத்தாள், மறு காதைத் துடைத்தாள், மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

சமாதானம் என்று நினைத்துவிடாதே. துண்டு வேறு, பேச்சு வேறு. அவளோடு நான் பேசவில்லை. பேசியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. ஜன்னல் ஓரமாக இருந்தாலும் காதைத் தின்றது அதே மெஷின்தானே.

பாட்டி